தொட்டியில் வெற்றிலைக்கொடி: பட்டுப்போவது ஏன், தழைக்க வைப்பது எப்படி

நர்சரியிலிருந்து வந்த வெற்றிலைக்கொடி முதல் மாதம் தளதளவென்று இருக்கும். அடுத்த மாதம் கீழிலைகள் மஞ்சளாகி உதிரும். அதன்பின் தண்டு கணுக்கணுவாகக் கறுத்து, ஒருநாள் மொத்தமாகத் துவண்டுவிடும். கைராசி இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்தில் எட்டுக் கொடியாவது வேரில் காற்றில்லாமல்தான் சாகிறது என்பது எங்கள் கணிப்பு.

வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேட்டுப்பாத்தி போட்டு, இருபுறமும் ஆழமாக வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். நீர் வாய்க்காலில் இருக்கும், வேர் மேட்டில் இருக்கும். மண் எப்போதும் ஈரமாக இருந்தாலும் வேர் நீரில் மூழ்குவதில்லை. மேலே அகத்தி நிழல் தருகிறது, கொடி ஏறவும் அதுவே கொம்பு. ஓரங்களில் அடைப்பு கட்டி வறண்ட காற்றைத் தடுப்பார்கள். ஈரம், காற்றோட்டம், சல்லடை நிழல், பிடித்து ஏற ஒரு கொம்பு ஆகிய இந்த நான்கையும் தொட்டியில் கொண்டுவந்துவிட்டால் கொடி நிற்கும்.

தண்டுத் தேர்வு

முதலில், வாங்குவது வெற்றிலைதானா என்று பாருங்கள். மிளகுக்கொடியும் திப்பிலியும் வெற்றிலை என்ற பெயரில் கைமாறுவதுண்டு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் வெற்றிலைக்கே உரிய கார மணம் தூக்கலாக வர வேண்டும். முதல்முறை வளர்ப்பவர்களுக்குக் கற்பூரி ரகம் நல்ல தேர்வு, இலை மெல்லிசாகவும் காரம் குறைவாகவும் இருக்கும். சோழவந்தானிலிருந்தே கொடி கொண்டுவந்து நட்டாலும் சோழவந்தான் இலையின் ருசி அப்படியே வராது. மண்ணும் நீரும் மாறினால் காரமும் மாறும்.

தெரிந்தவர் வீட்டிலிருந்து தண்டு வெட்டுவதென்றால், சுவரையோ கொம்பையோ பற்றி நேராக மேலேறும் கொடியின் மேற்பகுதியிலிருந்து வெட்டுங்கள். கணுவில் குட்டையான பற்றுவேர்கள் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை நட்டால் உயிர் பிடிக்கும், ஆனால் சரியாக ஏறாது, இலையும் சிறுக்கும். நான்கு அல்லது ஐந்து கணு உள்ள துண்டு போதும். கீழ் இரண்டு, மூன்று கணுவின் இலைகளை எடுத்துவிட்டு அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நடவும். பாட்டில் தண்ணீரில் வேர்விட வைப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வேர்கள் மண்ணுக்கு மாறும்போது அழுகிவிடும் வாய்ப்பு அதிகம். நேரே மண்ணில் நட்டு நிழலில் வைத்து, மேலே தளர்வாக ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்தால் மூன்று, நான்கு வாரத்தில் புதுத்துளிர் வரும். அதுவரை தண்டை இழுத்துப் பார்க்க வேண்டாம்.

மண்ணும் தொட்டியும்

செம்மண் 2 பங்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பருமணல் அல்லது கடலை அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி 1 பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கைக் கலந்து, ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்துவிட்டு நடவும். நார்த்தூளைக் கழுவாமல் போடக் கூடாது. அதில் உப்பு இருக்கும், வெற்றிலைக்கு உப்பு ஆகாது. ஊறவைத்துப் பிழிவதை மூன்று முறை செய்தால் போதும். கரம்பை மண் தனியாக வேண்டாம், தொட்டியில் இறுகிவிடும்.

கலவை சரியா என்று பார்க்க, நடும் முன் தொட்டியில் ஒரு லிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மேல்மட்டத்தில் நீர் மறைந்துவிட வேண்டும். நின்றால் கரியையோ மணலையோ கூட்டுங்கள். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை. ஜல்லிக்கு மேலுள்ள மண்தான் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கான இடமும் குறையும். துளை மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு போதும்.

சின்னத் தண்டை நேராகப் பெரிய தொட்டியில் நடுவதும் ஒரு பிழை. வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து புளித்துப்போகும். 6 அங்குலத் தொட்டியில் தொடங்கி, அடித்துளையில் வேர் தெரிந்த பிறகு 12 அங்குலத்துக்கு மாற்றுங்கள்.

வெளிச்சம், தண்ணீர்

காலை ஒன்பது மணி வரையிலான வெயில் நல்லது. அதற்குமேல் 50 சதவீத நிழல்வலை வேண்டும். உச்சிவெயில் பட்டால் இலை வெளுத்துப் பிறகு காகிதம்போலக் கருகும். இருட்டான மூலையில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, இலை சிறுத்து வரும். வீட்டுக்குள் என்றால் கிழக்கு ஜன்னலோரம் நல்ல இடம். ஏசி காற்று நேராகப் படக் கூடாது.

தினமும் காலையில் ஒரு சொம்பு என்று கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்து உள்ளே லேசாக ஈரம் இருக்கும்போது, அடியில் வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் தினமும் தேவைப்படலாம், ஐப்பசி அடைமழையில் பத்து நாள் ஒரு சொட்டும் வேண்டியிருக்காது. ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரை ஊற்றவே கூடாது, உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு, தாராளமாக ஊற்றலாம்.

கொம்புக்குத் தேங்காய் நார் சுற்றிய கம்பம் சிறந்தது. அதை ஈரமாக வைத்தால் கணுவேர்கள் பற்றிக்கொள்ளும், பற்றி ஏறும் கொடியில் இலை அகலும். தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகும். 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும்.

என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க

மண் ஈரமாக இருக்கும்போதே கொடி துவண்டால், அது தாகம் அல்ல. இங்கேதான் பெரும்பாலானவர்கள் இன்னும் நீர் ஊற்றிக் கொடியைக் கொன்றுவிடுகிறார்கள். தண்டின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நாற்றம் வந்தால் பைட்டாப்தோரா என்ற பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிரியின் வாடல் நோய். ஐப்பசி முதல் தை வரை, குளிரும் ஈரமும் சேரும்போது அதிகம் தாக்கும். அழுகிய வேரைக் காப்பாற்ற முடியாது. மேலே பச்சையாக, வெட்டுவாயில் பழுப்பு இல்லாமல் இருக்கும் தண்டை உடனே வெட்டிப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்ட வேண்டாம். கொடிக்காலுக்குள் செருப்போடு நுழையக் கூடாது என்பார்கள். நோய் ஒட்டிய மண் காலோடு வருவதையும் அது தடுக்கிறது.

வருமுன் காக்க, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை 0.25 சதவீத போர்டோ கலவையை வேரில் ஊற்றலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு) 2.5 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 2.5 கிராமை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்பு ஆணியைச் சற்று நேரம் முக்கி எடுத்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கலந்த அன்றே பயன்படுத்த வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி இடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள், செம்பு அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

இலை ஓரம் மட்டும் காய்ந்தால் உப்பு அல்லது வறண்ட காற்று. தொட்டிக் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி உப்பை அலசி விடுங்கள். கீழிலைகள் சீராக மஞ்சளானால், வேர் நலமாக இருக்கும் பட்சத்தில், தழைச்சத்துக் குறைவு: மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், கடின நீரால் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை. மழைநீருக்கு மாறுங்கள்.

மஞ்சள் வளையத்தோடு கரும்புள்ளி வந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இலையடியில் மெல்லிய வலையும் மேலே ஊசிமுனைப் புள்ளிகளும் சிவப்புச் சிலந்திப்பேனின் வேலை, இலையடியில் நீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடிக்கவும். எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள், மாவுப்பூச்சியைப் பரப்புவது அதுதான். இது வாயில் போடும் இலை. எதைத் தெளிப்பதானாலும் முன்பே முற்றிய இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வேப்பெண்ணெய்க்குப் பின் ஒரு வாரம் பொறுத்து, கழுவிச் சாப்பிடலாம். செம்பு மருந்து இலையில் பட்டிருந்தால் அந்த இலையே வேண்டாம், புதிதாக வருவதற்குக் காத்திருங்கள்.

கிள்ளுவதும் இறக்குவதும்

கீழிருந்து முற்றிய இலையைக் காம்போடு நகத்தால் கிள்ளவும். நுனியில் ஏழெட்டு இலையாவது எப்போதும் நிற்க வேண்டும். ஓராண்டில் கொடி உயரே போய், அடித்தண்டு மொட்டையாகும். அப்போது கொடிக்காலில் செய்வதுபோலக் கொடியை இறக்குங்கள். கட்டுகளை அவிழ்த்து, முந்தின நாளிலிருந்து நீர் ஊற்றாமல் சற்றே தளர்ந்த தண்டை ஒடியாமல் வளையமாகச் சுற்றித் தொட்டி மண்மேல் கிடத்தி, இரண்டு அங்குலம் புது மண் போட்டு மூடி, நுனியை மறுபடி கொம்பில் கட்டிவிட வேண்டும். புதைந்த கணுக்கள் புதுவேர் விடும், பக்கத்தில் இளங்கொடிகளும் கிளம்பும்.