கேஜ் பிடிக்கத் தெரிந்தால் போதுமா? பின்னோட்டச் சோதனை உரிமத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

சம்பாப் பயிருக்கு மருந்தடிக்கும் நாள்களில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தெருக்குழாயில் மாட்டிய ஹோஸின் மறுமுனை, பூச்சிமருந்து கலந்த டிரம்முக்குள் முங்கிக் கிடக்கும். அதே நேரத்தில் நாலு வீடு தள்ளி ஒருவர் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொண்டிருப்பார். லைனில் அழுத்தம் இறங்கினால், டிரம்மில் இருப்பது ஹோஸ் வழியே தெருக்குழாய்க்குள் ஏறிவிடும். தண்ணீர் வந்த வழியே திரும்புவதுதான் பின்னோட்டம். ஹோஸ் முனையை டிரம்மின் விளிம்புக்கு மேலே குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, குறைந்தது ஓர் அங்குலம், தூக்கிக் கட்டினால் இது நடக்காது. காசு செலவில்லாத இந்த இடைவெளியை விஞ்சிய தடுப்பு எதுவும் இல்லை.

மருத்துவமனை, ஆலை, தீயணைப்புக் குழாய் போன்ற இடங்களில் எப்போதும் இப்படி இடைவெளி விட முடியாது. அங்கே பின்னோட்டத் தடுப்புக் கருவி வைக்கிறார்கள். 1933இல் சிகாகோவில் இரண்டு ஓட்டல்களின் குழாய்க் கோளாறால் கழிவு குடிநீரில் கலந்து, அமீபா சீதபேதி பரவி 98 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் இந்தத் துறை விதிகளைப் பேசும் எவரும் அந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. கருவியை வைத்தால் மட்டும் போதாது, உரிமம் பெற்ற ஆள் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. நம் நகராட்சிகளில் பிளம்பருக்கு உரிமம் உண்டு. இந்தச் சோதனைக்கென்று தனி உரிமம் கிடையாது. அதனால் இங்கிருந்து வெளிநாட்டுக்குக் குழாய் வேலைக்குப் போகிறவர்கள் விமானம் இறங்கிய பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படுகிறார்கள்.

குழாய் ஒப்பந்த வேலை செய்யும் என்னிடம் அனுபவச் சான்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “பத்து வருடம் வேலை பார்த்திருக்கிறேன் அண்ணே, அங்கே போய் எனக்கென்ன பரீட்சை?” முதல் தவறு இதுதான். டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் படிப்பு முடித்த சான்று, தொடர்புள்ள துறையில் 2 வருட அனுபவம், 40 மணி நேரப் பயிற்சி, அதன்பின் தேர்வு. தேர்வில் எழுத்தோடு செய்முறையும் உண்டு. கருவி முன்னால் நின்று கேஜை, அதாவது அழுத்தமானியை, மாட்டிச் சோதித்துக் காட்ட வேண்டும். பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்குப் போனவர்கள் படிப்புச் சான்று விஷயத்தை இங்கிருக்கும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது.

அனுபவச் சான்றிலும் கோட்டை விடுகிறார்கள். “நல்ல பையன், வேலை தெரிந்தவன்” என்று மேஸ்திரி எழுதித் தரும் கடிதம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கத்தான் உதவும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, முழு நேரமா பகுதி நேரமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பெயர்க் குழப்பம் அதைவிடப் பெரிது. என்னிடம் உதவியாளாக இருந்து, மனைவியின் வேலை காரணமாக டெக்சாஸ் போன பையனுக்குப் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயருக்கு வெறும் “ஆர்.” என்ற இனிஷியல், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர், நான் கொடுத்த கடிதத்தில் ஊரே கூப்பிடும் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. பாதித் தவறு என்னுடையது. இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் நான் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.

ஓர் இடத்து உரிமம் எல்லா இடத்துக்கும் செல்லும் என்று நினைப்பது அடுத்தது. டெக்சாஸ் உரிமத்தை நீட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் சோதனை செய்ய முடியாது. டெக்சாஸுக்குள்ளேயே பல நகரங்களில் சோதனையாளர் தம்மையும் தம் கேஜையும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். தீயணைப்புக் குழாயில் உள்ள கருவி என்றால், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்த நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளராகவும் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பொதுவாகப் பிளம்பர் உரிமத்தின் மேல் சோதனைத் தகுதியும் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் குடிநீர்க் குழாய் வேலையே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் பொறுப்பில்தான் நடக்க வேண்டும். அவருக்குக் கீழே ஐந்து வருடம் குழாய் மாட்டியது அனுபவமாகும், உரிமம் ஆகாது.

இனி வேலை நடக்கும் இடத்துக்கு வருவோம். நம் ஊரில் எல்லாமே “என்.ஆர்.வி.” தான், அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு. போர்வெல்லுக்கும் அதுதான், மாடித் தொட்டிக்கும் அதுதான். ஆனால் சோதிக்கக்கூடிய தடுப்புக் கருவி என்பது வேறு. இருபுறமும் அடைப்பு வால்வு, நடுவே கேஜ் மாட்டச் சின்னச் சின்னக் குழாய்முனைகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. அதில் உயர்ந்த வகையில் ஒரே திசையில் திறக்கும் இரண்டு செக் வால்வுகளுக்கு நடுவே ஓர் அறை, அந்த அறையின் அடியில் ஒரு வெளியேற்று வால்வு. முன்புற அழுத்தத்துக்கும் அறை அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) கீழே போவதற்குள் அது திறந்து, தண்ணீரைத் தரையில் கொட்டிவிட வேண்டும். அழுக்கு நீர் உள்ளே போவதைவிடத் தரையில் கொட்டுவது மேல் என்பதே அதன் கணக்கு. நம் பையன் முதல் வாரத்தில் அது சொட்டுவதைப் பார்த்து, “அண்ணே, எம்சீல் வைத்து அடைத்துவிடட்டுமா?” என்று எனக்குப் போன் செய்தான். அடைத்திருந்தால் உரிமத்தோடு போயிருக்காது. உள்ளே செக் வால்வில் கல் சிக்கியிருக்கலாம் என்பதற்கு அந்தச் சொட்டுதான் அடையாளம்.

இதை ஒட்டி வருவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. கருவி முதல் சோதனையில் தேறவில்லை. கழற்றிக் கழுவி, ரப்பரை மாற்றி, மறுபடி சோதித்ததும் தேறிவிடுகிறது. உடனே தேறிய அளவை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அறிக்கைப் படிவத்தில் முதல் அளவு, செய்த பழுது, இறுதி அளவு என மூன்றுக்கும் இடம் இருக்கிறது. மூன்றையும் நிரப்ப வேண்டும். உரிமம் அந்தக் கையெழுத்துக்காகத்தான் தரப்படுகிறது. கேஜையே மாட்டாமல் போன வருட எண்ணைப் பார்த்து எழுதுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; அது தவறு அல்ல, மோசடி. பிடிபட்டால் உரிமம் பறிபோகும்.

கேஜை வருடம் ஒரு முறை துல்லியம் பார்த்து, அந்தத் தேதியையும் வரிசை எண்ணையும் அறிக்கையில் காட்ட வேண்டும். இடையில் கீழே விழுந்தால் மறுபடி பார்க்க வேண்டும். குடிநீருக்கு ஒரு கேஜ், குடிக்க உதவாத நீருக்கு வேறொன்று. மறுசுழற்சி நீரில் மாட்டியதைத் துடைத்துவிட்டுக் குடிநீர்க் குழாயில் மாட்டினால், தடுக்க வந்த அசுத்தத்தை நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாகிவிடும். தண்ணீரை நிறுத்துமுன் கட்டடத்தாரிடம் சொல்லுங்கள், தீயணைப்பு லைன் என்றால் அலாரம் பார்ப்பவரிடமும்.

டெக்சாஸ் உரிமம் 3 வருடத்துக்குத்தான். புதுப்பிக்க 24 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும். கடைசி மாதத்தில் வகுப்புக்கு இடம் தேடி அலைவது வீண். நம் பையன் தங்கை கல்யாணத்துக்கு வலங்கைமான் வந்து, பந்தக்கால் நட்டதிலிருந்து மறுவீடு வரை இருந்துவிட்டுப் போனான். திரும்பிப் போய்ச் சேர்ந்த வாரமே நான்கு கருவிகளைச் சோதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டான். உரிமம் காலாவதியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான்கு அறிக்கையும் செல்லவில்லை. கைக்காசு கொடுத்து வேறொருவரை வைத்து நான்கையும் திரும்பச் சோதித்துக் கொடுத்தான்.