மலைச்சரிவில் வாழ்பவர்களுக்கு: விடாத முதுகுவலியைத் தணிக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் முதுகு வலிக்கிறது என்றால் கிடைக்கும் அறிவுரை இரண்டுதான்: தைலம் தேய்த்துப் படு, இல்லையென்றால் கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடு. பெரும்பாலானவர்களுக்கு முதல் வேலை இரண்டுமே இல்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலியில் பெரும்பாலும் இன்ன எலும்பு, இன்ன ஜவ்வுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாது. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரரை ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஜவ்வுத் தேய்மானம் தெரியும். அளவாக அசையப் பழகுவதே முதல் மருந்து.

படி 1: இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது அல்லது சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

படி 2: எழுந்தவுடன் குனியாதீர்கள்

இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வுத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் அந்த நிலையில் குனிந்தால் அவற்றின் மீது அழுத்தம் அதிகம். குளிரில் உடம்பும் இறுகியிருக்கும். எழுந்து முக்கால் மணி நேரமாவது அடுப்புக்குக் குனிவது, வாளி தூக்குவது, முற்றம் பெருக்குவது ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். வீட்டுக்குள் மெதுவாக நடங்கள், டீ குடியுங்கள்.

படி 3: சூடு

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். தைலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1843 முதல் இந்த மலையில் வளரும் யூகலிப்டஸின் எண்ணெய் தோலுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். விண்டர்கிரீன் எண்ணெய் அப்படியல்ல. அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. அதைத் தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் புண்ணாகலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

படி 4: மூன்று அசைவுகள்

சிமெண்டுத் தரையின் சில்லிப்பு ஏறாதபடி கம்பளியோ ஜமுக்காளமோ விரித்துக்கொள்ளுங்கள்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். வயிற்றை மெல்ல இறுக்கி, இடுப்புக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அழுத்தி மூடுங்கள். 5 விநாடி இருந்து விடுங்கள், 10 முறை.

அதே நிலையில் பிட்டத்தைத் தூக்கி, தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடாக நிறுத்தி இறக்குங்கள், 10 முறை.

மூன்றாவதுதான் முக்கியம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. முதுகில் தண்ணீர்த் தம்ளர் இருப்பதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும். பிறகு பக்கம் மாற்றுங்கள். முதுகெலும்பை ஆராய்ந்த கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் இதுவும் ஒன்று. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் தாங்கிப்பிடிக்க வேண்டாம்; பலம் கூடும்போது தடவைகளைக் கூட்டுங்கள்.

லேசான வலி வந்தால் பரவாயில்லை. வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் அந்த அசைவை நிறுத்துங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால் அது நல்ல அறிகுறி.

படி 5: சரிவைக் கவனித்து நடங்கள்

சமவெளிக்காரருக்குக் கிடைக்காத ஒரு சோதனை நமக்கு வாசலிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் உடல் முன்னே சாய்கிறது, இறக்கத்தில் பின்னே சாய்கிறது. இறங்கும்போது தொடையும் காலும் கடுத்து, உட்கார்ந்தாலோ முன்னே சாய்ந்தாலோ தணிந்தால், நரம்பு செல்லும் பாதை குறுகியிருக்கலாம். வயதானவர்களுக்கு இது அதிகம். குனிந்தால், நெடுநேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வலி கூடி, நிமிர்ந்து நடந்தால் குறைந்தால், ஜவ்வுத் தட்டுதான் காரணமாக இருக்கலாம். இது தீர்ப்பு இல்லை, ஒரு துப்பு. எது ஒத்துக்கொள்கிறதோ அந்தப் பாதையில் காலையும் மாலையும் பத்து நிமிடம் நடங்கள், வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள்.

படி 6: சுமை

கொழுந்து பறிப்பவர்களுக்கு வலி தருவது எடை மட்டுமல்ல, திருகலும்தான். பறித்த கையைத் தோளுக்கு மேல் பின்னே வீசும்போது இடுப்பு ஒவ்வொரு முறையும் முறுகுகிறது. பாதத்தோடு சேர்ந்து திரும்புங்கள். சாக்கு நிரம்பும் வரை காத்திருக்காமல் பாதியிலேயே எடைபோடக் கொண்டுபோங்கள். நடை கூடினாலும் முதுகுக்கு அதுவே மேல். கேரட் மூட்டையானாலும் உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். இடுப்புப் பட்டையை நம்ப வேண்டாம். நீடித்த இடுப்பு வலிக்கு அதை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல்.

ஆறு வாரம் செய்து பாருங்கள். மாற்றமில்லையென்றால் இயன்முறை மருத்துவரிடம் போங்கள். ஏற்றத்தில் வலிக்கிறதா, இறக்கத்தில் வலிக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள்; மேசையில் படுக்கவைத்துப் பார்த்தால் அவருக்கு அது தெரியாது.