திட ஆக்சைடு எரிபொருள் கலத்திலிருந்து மின்னோட்டத்தை வெளியே எடுப்பது எப்படி?

பொத்தான் அளவிலான திட ஆக்சைடு எரிபொருள் கலத்தை முதன்முறையாக உலையில் ஏற்றிச் சோதிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கலம் ஒரு பீங்கான் வில்லை: நடுவில் சிர்கோனியா என்ற பீங்கானாலான மின்பகுளி, அதன் இருபுறமும் மின்வாய்கள்; உயர் வெப்பநிலையில் ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றும் கொடுத்தால் மின்சாரம் தரும். கலத்தைத் தயாரிப்பது பற்றி எழுத ஏராளமானோர் இருக்கிறார்கள். தயாரித்த கலத்தில் பிறக்கும் மின்னோட்டத்தை 800 பாகை செல்சியஸ் உலைக்குள்ளிருந்து மேசைமேல் இருக்கும் கருவி வரை சேதாரமின்றிக் கொண்டுவருவது பற்றி எழுதுவோர் குறைவு. ஆனால், "கலம் சரியில்லை" என்று ஒதுக்கப்படும் பல கலங்களில் உண்மையான குறை கம்பியிலும், மின்வாயின்மேல் மின்னோட்டத்தைத் திரட்ட வைக்கும் உலோக வலையிலும்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குவோம். 0.25 மி.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு பிளாட்டினக் கம்பியின் மின்தடை அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.65 ஓம். அதன் வழியே 1 ஆம்பியர் சென்றால் 0.65 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். நாம் சோதிக்கும் கலத்தின் மொத்த மின்னழுத்தமே 1.1 வோல்ட்தான். மேலும், சூடாகும்போது உலோகத்தின் தடை கூடும். 800 பாகையில் பிளாட்டினத்தின் தடை அறை வெப்பநிலையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இந்தக் கணக்கைப் போடாமல், ஒரு பக்கத்துக்கு ஒரே கம்பி என்று வைத்து நான் அளந்த முதல் கலத்தின் மின்னோட்டம்–மின்னழுத்த வரைபடம் மலைச்சரிவுபோல நேராகக் கீழே இறங்கியது. மின்வாயைக் குறைகூறி இரண்டு வாரம் கழித்த பிறகுதான், நான் அளந்துகொண்டிருந்தது கம்பியை என்பது புரிந்தது.

உலோகத்தைத் தேர்வு செய்தல்

ஹைட்ரஜன் பக்கத்துக்கு நிக்கல் வலை போதுமானது. விலையும் குறைவு, அந்தப் பக்கத்து மின்வாயிலும் நிக்கல்தான் இருக்கிறது. ஆனால் சூடான நிலையில் காற்று பட்டால் நிக்கல் ஆக்சைடாகிவிடும் என்பதால், காற்றுப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

காற்றுப் பக்கத்தில்தான் யோசிக்க வேண்டும். வெள்ளி நன்றாகக் கடத்தும், மலிவானது, பேஸ்டாகவும் (உலோகத்தூள் குழம்பு) எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் உருகுநிலை 962 பாகை. 750 பாகையைத் தாண்டி நாள்கணக்கில் வைத்திருந்தால் மெல்ல ஆவியாகி, குழாயின் குளிர்ந்த பகுதியில் பளபளப்பான துகள்களாகப் படியும். அத்துடன் ஒரே வெள்ளிக் கம்பியின் ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றும் இருந்தால், இரண்டும் வெள்ளிக்குள் கரைந்து உள்ளேயே நீராவியாகி, உலோகத்தைத் துளைகள் நிறைந்ததாக ஆக்கிவிடும். தங்கம் 1064 பாகை வரை உருகாது, வேதிவினையிலும் தலையிடாது. பிளாட்டினம் எந்த வெப்பத்தையும் தாங்கும். ஆனால் அது தானே ஆக்சிஜன் வினையை ஊக்குவிக்கும் பொருள் என்பதால், நீங்கள் புதிதாகச் செய்த காற்று மின்வாயின் திறமையை அளக்கும்போது பிளாட்டினத்தின் திறமையும் அதில் கலந்துவிடக்கூடும். எனவே 700 பாகை அளவில் நடக்கும் குறுகிய சோதனைக்கு வெள்ளியையும், புதிய மின்வாய்ப் பொருளை ஒப்பிடும் சோதனைக்குத் தங்கத்தையும் நான் பரிந்துரைப்பேன்.

வலையும் நான்கு கம்பிகளும்

வலையை மின்வாயின் அளவுக்கே வெட்டி, அசிட்டோனில் கழுவி உலர்த்துங்கள். ஒவ்வொரு வலையிலும் இரண்டு கம்பிகளைத் தனித்தனி இடங்களில் இணைக்க வேண்டும்: ஒன்று மின்னோட்டத்துக்கு, மற்றொன்று மின்னழுத்தத்துக்கு. மின்னழுத்தக் கம்பியில் மின்னோட்டம் ஏறக்குறைய செல்வதே இல்லை என்பதால், அதன் தடை எவ்வளவு இருந்தாலும் அளவீடு பாதிக்கப்படாது. புள்ளிப் பற்றவைப்பு வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கம்பி முனையை வலையின் கண்களுக்குள் மூன்று நான்கு முறை கோத்து, தட்டையாக நசுக்கிவிடுங்கள். கம்பிகளைத் துளையுள்ள அலுமினா (மின்கடத்தாப் பீங்கான்) குழாய்களின் வழியே வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று உரசாது.

பேஸ்ட் பூசுதல்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தொடர்பு நன்றாக இருக்கட்டும் என்று பேஸ்டை மின்வாய் முழுவதும் தடிமனாக அப்பினால், சூடேறியதும் அது இறுகி மூடிபோலாகி, வாயு உள்ளே போக வழியில்லாமல் செய்துவிடும். மெல்லிய தூரிகையால் கட்டம் கட்டமாகக் கோடுகள் இழுத்து, அதன்மேல் வலையை வைத்து, வலைக்கண்கள் திறந்திருக்குமாறு மெல்ல அழுத்துவதே போதும். பேஸ்ட் மின்வாயின் விளிம்பைத் தாண்டி வெள்ளைச் சிர்கோனியாவின்மேல் வழிந்திருந்தால், உலர்வதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பரப்பளவுக் கணக்கு பொய்யாகும், விளிம்பைச் சுற்றி மறுபுறம் எட்டினால் குறுக்குச்சுற்றும் ஏற்படும். பிறகு 120 பாகையில் உலர்த்தி, பேஸ்ட் தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் சுட்டெடுங்கள். நிக்கல் பக்கத்தை மட்டும் காற்றில் சுட வேண்டாம். நிக்கல் ஆக்சைடு பேஸ்டை வைத்து ஒட்டினால், பின்னர் ஹைட்ரஜன் வரும்போது அது உலோகமாகிவிடும்.

வலையைக் கலத்தோடு அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் வைப்பதானால், அதை உலைக்கு வெளியே குளிர்ந்த பகுதியில் வைத்து, அலுமினாத் தண்டின் வழியே அழுத்தம் கொடுங்கள். உள்ளே வைத்த ஸ்பிரிங் முதல் சூட்டிலேயே விறைப்பை இழந்துவிடும். காற்றுப் பக்கத்தில் எஃகுத் தண்டு வேண்டவே வேண்டாம்: அதிலிருந்து ஆவியாகும் குரோமியம் காற்று மின்வாயில் படிந்து அதைக் கெடுக்கும். பல கலங்களை அடுக்கிச் செய்யும் தொகுதிகளில், கலங்களுக்கிடையே வைக்கும் 22 சதவீதக் குரோமிய எஃகுத் தகடுகளுக்கு மாங்கனீசு–கோபால்ட் ஆக்சைடு பூச்சுக் கொடுப்பதும் இதனால்தான்.

சூடேற்றும் முன் ஒரு நிமிடம்

மல்டிமீட்டரை எடுத்து, ஒரே பக்கத்தின் இரண்டு கம்பிகளுக்கிடையே வையுங்கள்: கம்பிகளின் தடை மட்டுமே காட்ட வேண்டும். இப்போது ஒரு முனையை மறுபக்கக் கம்பிக்கு மாற்றுங்கள்: அறை வெப்பநிலையில் சிர்கோனியா மின்கடத்தாப் பொருள் என்பதால், கருவி எல்லை கடந்ததாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால் எங்கோ பேஸ்ட் வழிந்திருக்கிறது, உலையை மூடாதீர்கள்.

நிமிடத்துக்கு 2 பாகை வேகத்தில் ஏற்றுங்கள். வெப்பநிலையை எட்டியதும் நைட்ரஜனால் குழாயைக் கழுவி, ஹைட்ரஜனைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பற்றும் என்பதால், கசிவுச் சோதனையும் வெளியேற்றக் குழாயும் கட்டாயம். அறை வெப்பநிலை நீரில் குமிழியிட்டு வந்த ஹைட்ரஜனுக்கு 800 பாகையில் திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்னோட்டம் எடுக்காதபோது உள்ள மின்னழுத்தம்) 1.1 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் முதலில் வாயுக் கசிவைத் தேடுங்கள்.

கம்பியா, கலமா?

பொட்டென்ஷியோஸ்டாட்டில் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) நான்கு முனைகளையும் இணைக்கும்போது, மின்னோட்டக் கம்பிகள் இரண்டையும் ஒன்றாகவும், மின்னழுத்தக் கம்பிகள் இரண்டையும் வேறாகவும் முறுக்கி விடுங்கள். உயர் அதிர்வெண்ணில் வரும் தூண்டல் தொல்லை குறையும். மின்மறுப்பு வரைபடம் (வெவ்வேறு அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத்துக்குக் கலம் காட்டும் தடையின் வரைபடம்) உயர் அதிர்வெண் முனையில் கிடையச்சை வெட்டும் இடமே ஓமியத் தடை. அதை உங்கள் மின்பகுளியின் தடையோடு ஒப்பிடுங்கள். 800 பாகையில் யிட்ரியா சேர்த்த சிர்கோனியா செ.மீ.க்கு ஏறத்தாழ 0.04 சீமன்ஸ் கடத்தும்; ஆகவே 0.15 மி.மீ. தடிமனுள்ள மின்பகுளிக்கு 1 சதுர செ.மீ. பரப்பில் ஏறத்தாழ 0.4 ஓம் வர வேண்டும். நீங்கள் அளந்தது 0.45 என்றால் வேலை நன்றாக அமைந்திருக்கிறது. 1 ஓம் என்றால், வலை மின்வாயைச் சரியாகத் தொடவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கி மீண்டும் அளந்து பாருங்கள், எண் இறங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

அளந்து முடிந்து உலையைக் குளிர்விக்கும்போது, ஹைட்ரஜனை உடனே நிறுத்திவிடாமல், நைட்ரஜனில் 5 சதவீதமாகக் குறைத்து 300 பாகைக்குக் கீழே இறங்கும் வரை ஓடவிடுங்கள். இடையில் காற்று புகுந்தால் நிக்கல் மீண்டும் ஆக்சைடாகி உப்பி, கலத்தை விரிசல் விடச் செய்துவிடும். பிறகு வலையைப் பிரித்துப் பார்க்க உங்களிடம் கலம் இருக்காது.