சுருக்க ஊசி விலை: விசாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் வட சென்னைப் பக்கமும் இப்போது ஸ்கின் கிளினிக்குகள் வந்துவிட்டன. முகச் சுருக்கத்துக்கு ஊசி போட நுங்கம்பாக்கம் வரை போக வேண்டும் என்ற நிலை இல்லை. அதனால் விசாரிக்கிறவர்களும் கூடிவிட்டார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "போடாக்ஸ் போட எவ்வளவு ஆகும்?"

மூன்று இடத்துக்குப் போன் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடத்தில் 5,000, இன்னொரு இடத்தில் 9,000, மூன்றாவதில் 18,000 என்கிறார்கள். உடனே நம் மனது 5,000 சொன்னவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆனால் அவர் சொன்னது இரண்டு புருவங்களுக்கு நடுவில் மட்டும் போடுவதற்கான தொகையாக இருக்கலாம். 18,000 சொன்னவர் நெற்றி, புருவ நடு, இரண்டு கண் ஓரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

யூனிட் கேட்காமல் விலை கேட்பது

இந்த ஊசி மருந்தின் அளவு யூனிட்டில்தான். போடாக்ஸ் பிராண்டின் லேபிளில் இருக்கும் அளவு இது: புருவ நடுவுக்கு 20 யூனிட், நெற்றிக் கோடுகளுக்கு 20 யூனிட், இரண்டு கண் ஓரங்களுக்கும் சேர்த்து 24 யூனிட். மூன்றையும் கூட்டினால் 64. ஆக, 20 யூனிட்டுக்கு 5,000 என்றால் ஒரு யூனிட் 250 ரூபாய். 64 யூனிட்டுக்கு 18,000 என்றால் ஒரு யூனிட் சுமார் 281 ரூபாய். மேலே பார்த்தபோது மூன்று மடங்குக்கு மேல் தெரிந்த வித்தியாசம், உள்ளே போனால் யூனிட்டுக்கு முப்பது ரூபாய்தான்.

இந்த அளவும் ஆளுக்கு ஆள் மாறும். முகத் தசை பலமாக இருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ஆண்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். சிலருக்கு லேபிள் அளவைவிடக் குறைவாகப் போட்டாலே போதும் என்று டாக்டர் சொல்லலாம். அதனால் முகத்தைப் பார்க்காமலேயே போனில் ஒரே தொகையை அடித்துச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். நகைக்கடையில் சவரனுக்கு என்ன விலை, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துக் கேட்கத் தயங்காத நாம், நம் முகத்துக்குள் போகும் மருந்து எத்தனை யூனிட் என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம் தேவையில்லை.

சில இடங்களில் "ஒரு சிரிஞ்சுக்கு இவ்வளவு" என்பார்கள். அது கணக்கே இல்லை. இந்த மருந்து குப்பிக்குள் தூளாக இருக்கும். சலைன் எனும் உப்பு நீர் விட்டுக் கரைத்துத்தான் ஊசியில் ஏற்றுவார்கள். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி சலைன் விட்டால் ஒவ்வொரு 0.1 மில்லியிலும் 4 யூனிட் இருக்கும். அதே குப்பியில் 5 மில்லி விட்டால் 2 யூனிட்தான். சிரிஞ்சில் தெரியும் அளவு ஒன்றே, மருந்து பாதி. கூடுதல் சலைன் விடுவதே மோசடி என்று சொல்லவில்லை. மருந்து எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதைப் பொறுத்து டாக்டர்கள் அதைக் கூட்டிக் குறைப்பது உண்டு. ஆனால் உள்ளே போனது எத்தனை யூனிட் என்பது கண்டிப்பாக எழுத்தில் வர வேண்டும்.

எல்லாமே போடாக்ஸ் என்று நினைப்பது

நாம் பொதுவாக எல்லாவற்றையும் போடாக்ஸ் என்று சொன்னாலும் அது ஒரு கம்பெனியின் பிராண்டு. மருந்தின் பெயர் பொட்டுலினம் டாக்சின். டிஸ்போர்ட், ஜியோமின் என்று வேறு பிராண்டுகளும், கொரியாவில் தயாராகும் பிராண்டுகளும் இருக்கின்றன. விலை மாறுவதற்கு இது பெரிய காரணம். கொரியத் தயாரிப்புகள் விலை குறைவாகக் கிடைக்கும்; குறைவு என்பதாலேயே கெட்டது என்று ஆகாது. எந்த பிராண்டு போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் நிறைய பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்று இல்லை. புருவ நடுவுக்கு போடாக்ஸ் 20 யூனிட் என்றால் டிஸ்போர்ட் 50 யூனிட். இப்போது ஒரு கிளினிக் "எங்களிடம் யூனிட் 120 ரூபாய்தான்" என்கிறது, இன்னொன்று "300 ரூபாய்" என்கிறது என்று வையுங்கள். முதல் இடத்தில் டிஸ்போர்ட் 50 யூனிட், 6,000 ரூபாய். இரண்டாவது இடத்தில் போடாக்ஸ் 20 யூனிட், அதுவும் 6,000 ரூபாய். யூனிட் விலையை மட்டும் வைத்து முதல் இடம் மலிவு என்று ஓடியிருப்போம். ஆகவே பிராண்டு எது, அந்த பிராண்டில் எத்தனை யூனிட், யூனிட் என்ன விலை என்று மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஒப்பிட முடியாது.

குப்பியைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி, இறக்குமதியாளர் விவரம் எல்லாம் தெரிய வேண்டும். நல்ல கிளினிக்கில் கேட்காமலே காட்டுவார்கள். 2024-இல் அமெரிக்காவில் போலி போடாக்ஸாலும், முறையாகக் கையாளப்படாத ஊசிகளாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் வீட்டிலும் ஸ்பாவிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவ்வளவு கண்காணிப்பு உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், நாம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் குளிர்ச்சி. போடாக்ஸ் குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஜியோமின் திறக்காத நிலையில் 25 டிகிரி வரை தாங்கும். சென்னையில் எந்த அறை ஏசி இல்லாமல் 25 டிகிரியில் இருக்கிறது? மே மாதத்தில் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வரும் மருந்து என்ன நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ், அதற்கு பேக்கப், மருந்து வரும் வழியெல்லாம் குளிர்ச்சி என்று கிளினிக்குக்கு ஆகும் செலவும் நாம் கொடுக்கும் விலைக்குள் இருக்கிறது.

கரைத்த மருந்தை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரு குப்பி ஒருவருக்கே என்பது லேபிள் சொல்வது. நடைமுறையில் பல கிளினிக்குகள் நாலைந்து பேரை ஒரே நாளில் வரச் சொல்லி ஒரு குப்பியைப் பகிர்கிறார்கள். மருந்து வீணாகாததால் விலையும் குறையும். குறைந்த விலைக்கு இது புரிந்துகொள்ளக் கூடிய காரணம்தான். அப்படிப் பகிர்வதாக இருந்தால், மருந்து எப்போது கரைத்தது, உங்களுக்குப் புது சிரிஞ்சும் புது ஊசியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஊசி போடுபவரின் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பது

எனக்கு அதிகக் கவலை தருவது இந்தத் தவறுதான். பார்லரில் ஃபேஷியலோடு சேர்த்து "சுருக்க ஊசியும் போடுகிறோம்" என்றால், "வீட்டுக்கே வந்து போடுகிறோம்" என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இது கிரீம் இல்லை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுத்து, தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் மருந்து. முதலில் மாறுகண்ணுக்கும் கட்டுப்பாடில்லாத இமைத் துடிப்புக்கும்தான் அமெரிக்காவில் 1989-இல் அனுமதி கிடைத்தது. புருவ நடுக் கோட்டுக்கு அனுமதி வந்தது 2002-இல். தப்பான இடத்தில் சில மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் கண் இமை தொங்கிவிடலாம், சிரிப்பு ஒரு பக்கம் கோணிவிடலாம். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்துப் பயிற்சி பெற்றவருக்குத்தான் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கிறோம்.

தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ, இல்லையென்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். இருக்கிறதா என்று போர்டில் பாருங்கள். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் அடிப்படைப் படிப்பு என்ன என்று கேளுங்கள். டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பட்டியலிலோ சரிபார்க்கலாம். கிளினிக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட்ஸ் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம்: ஆலோசனை சொன்னவரே ஊசியும் போடுவாரா என்று கேளுங்கள். பெரிய டாக்டர் பெயரில் கட்டணம் வாங்கிவிட்டு உள்ளே வேறொருவர் போடுவது நடக்கிற விஷயம்.

அதே சமயம், நுங்கம்பாக்கத்தில் கூடுதல் விலை என்பதற்காக அங்கே கை நேர்த்தி கூடுதல் என்றும் நினைக்க வேண்டாம். வாடகை, வரவேற்பறை, விளம்பரம் எல்லாம் அந்த விலையில் இருக்கின்றன. அதே படிப்பு, அதே பிராண்டு, அதே யூனிட் என்றால் பெரம்பூரில் குறைவாகக் கிடைப்பதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஒரே டாக்டர் இரண்டு இடத்திலும் பார்ப்பதும் உண்டு.

ஆடித் தள்ளுபடியும் பேக்கேஜும்

ஆடி வந்தால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் தள்ளுபடி போடுவதைப் போலவே கிளினிக்குகளும் இப்போது விளம்பரம் போடுகின்றன. துணி வாங்கிப் பிடிக்கவில்லை என்றால் மடித்து வைத்துவிடலாம். இதற்கு அந்த வழி இல்லை. மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, அது தானாகக் குறையும் வரை காத்திருக்க வேண்டும். காலாவதி நெருங்கும் மருந்தைத் தள்ளிவிடத் தள்ளுபடியா என்று தேதியைப் பார்த்தாலே தெரியும். "மூன்று தடவைக்கு இப்போதே கட்டினால் ஒன்று இலவசம்" என்ற பேக்கேஜை முதல் தடவையிலேயே வாங்காதீர்கள். உங்கள் முகத்துக்கு எத்தனை யூனிட் பொருந்துகிறது, எத்தனை மாதம் நிற்கிறது என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது.

ஒரு தடவைச் செலவை மட்டும் பார்ப்பதும் தவறு. இதன் பலன் பொதுவாக மூன்று, நான்கு மாதம்தான் நிற்கும். தொடர வேண்டும் என்றால் வருடத்துக்கு மூன்று தடவையாவது. 6,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 18,000. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. நோய்க்கான சிகிச்சைக்கு இருக்கும் வரி விலக்கு அழகுக்காகச் செய்வதற்குக் கிடையாது. வரி சேர்ந்தால் 6,000 என்பது இன்னும் கூடும். போனில் சொன்ன விலையில் வரி அடங்கியதா, ஆலோசனைக் கட்டணம் தனியா, இரண்டு வாரம் கழித்து ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் சரிசெய்யும் டச்-அப் இலவசமா என்று கேளுங்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இதற்குப் பணம் தராது.

பணம் குறைக்க "பாதி யூனிட் போடுங்க டாக்டர்" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தேவையானதைவிடக் குறைவாகப் போட்டால் பலன் சீக்கிரம் போய்விடும். அப்புறம் சீக்கிரமே திரும்பப் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் திரும்பத் திரும்பப் போடுவதும் நல்லதில்லை, உடம்பு மருந்துக்கு எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. கையில் பணம் குறைவு என்றால் மூன்று இடத்துக்குப் பதில் ஒரு இடத்துக்கு மட்டும் முழு அளவில் போட்டுக்கொள்ளலாம்.

தேவையில்லாத இடத்தில் செலவு

முறைக்கும்போது, சிரிக்கும்போது, புருவத்தைத் தூக்கும்போது விழும் கோடுகளுக்குத்தான் இது வேலை செய்யும். முகம் சும்மா இருக்கும்போதும் ஆழமாகத் தெரியும் கோடு இதனால் கொஞ்சம் மிருதுவாகலாம், முழுதாகப் போகாது. மூக்கிலிருந்து வாய் ஓரம் வரை இறங்கும் மடிப்புக்குப் பொதுவாக ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஊசி, போடுவார்கள். அது வேறு மருந்து, மில்லி கணக்கில் விலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை ஒப்பிடுகிறவர்கள் நிறைய. கருமை, மங்கு, வெயிலால் வந்த திட்டு எதற்கும் இந்த ஊசி உதவாது. மங்கு மாதிரி பிரச்சினைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிட்டு வந்தாலே பாதிக் குழப்பம் தீரும். தினமும் வெயிலில் பைக்கில் போகிறவர்கள் சன்ஸ்கிரீன் போடாமல் ஊசிக்கு மட்டும் செலவு செய்வதிலும் அர்த்தம் இல்லை.

கல்யாணத்துக்கு என்றால் முதல் நாள் போய் நிற்காதீர்கள். மூன்று நாள் முதல் ஐந்து நாளில் பலன் தெரிய ஆரம்பித்து, முழுதாகத் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு வந்தால் அதுவும் மறைய வேண்டும். ஒரு மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், தசைப் பலவீன நோய் உள்ளவர்கள் போடக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளை, போட்டுக்கொண்ட ஆன்டிபயாடிக் ஊசிகளை மறைக்காமல் சொல்லுங்கள். அழகுக்காகத்தானே என்று இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

கடைசியாக பில். பில் இல்லாமல் கொடுத்தால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிராண்டு, யூனிட், பேட்ச் எண், டாக்டர் பெயர் எல்லாம் பில்லிலோ சீட்டிலோ இருக்கட்டும். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், 1915 என்ற உதவி எண்ணுக்குப் பேசினாலும் அந்தக் காகிதம்தான் கேட்பார்கள்.

இமை லேசாகத் தொங்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், போட்ட டாக்டரிடமே காட்டலாம். ஆனால் விழுங்கச் சிரமம், பேச்சு குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, மூச்சுத் திணறல் இதில் எது வந்தாலும் கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஊசி போட்டுச் சில வாரம் கழித்துக்கூட இவை வரலாம். நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள், என்ன ஊசி எப்போது போட்டீர்கள் என்று அங்கே முதலில் சொல்லுங்கள்.