ஷூட்டிங் சாமான் ஏற்றும் வண்டி: முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

கடையில் வழவழ தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். லொகேஷனில் ஜல்லியும் மணலும் வந்ததும் 3, 4 அங்குல கட்டி ரப்பர் சக்கரம் புதைந்து நின்றுவிடும். வெளிப்புறப் படப்பிடிப்பு அதிகம் என்றால் குறைந்தது 8 அங்குலச் சக்கரம், அதுவும் காற்றடிக்கும் டயராகப் பாருங்கள். அது அதிர்வையும் உள்வாங்கும். லென்ஸ் பெட்டிக்கு அதுதான் முக்கியம். பஞ்சர் பயம் இருந்தால் ஃபோம் நிரப்பிய டயர் வாங்கலாம், ஆனால் குலுக்கல் கூடும்.

நான்கு சக்கரமும் சுழலும் வண்டி லிஃப்டுக்குள் திருப்ப வசதி. சரிவில் தள்ளினால் பக்கவாட்டில் இழுக்கும். இரண்டு நிலையாகவும், இரண்டு பிரேக்கோடு சுழல்வதாகவும் இருப்பதே நல்லது.

வண்டி வந்த அட்டைப்பெட்டியில் 200 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால், அது சமதரைக் கணக்கு. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் மொத்தச் சுமையும் மற்ற மூன்றில் இறங்கும். அதனால் 130 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஸ்டாண்ட் சாயாமல் இருக்க வைக்கும் மணல்மூட்டை, ஒன்று ஏழு கிலோ என்று நான்கு வைத்தாலே 28 கிலோ போய்விடும்.

அகலம் 65 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். சின்ன லிஃப்ட்களின் கதவு 70 சென்டிமீட்டர்தான்.

மணல்மூட்டையும் ஸ்டாண்டும் அடியில், கேமராப் பெட்டி மேலே. கட்டுவதற்கு ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) போதும். எலாஸ்டிக் கயிறு குலுக்கலில் நீண்டு, பெட்டி நழுவிவிடும்.