மத்தியானம் வரை வாடாத சலட்

காலையில் ஆறு மணிக்கு வெட்டியதைப் பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது அது எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை. வெட்டியவுடன் சாப்பிடுகிற சலட்டுக்குச் செய்முறை எங்கேயும் கிடைக்கும். ஆனால் திருகோணமலையில், அதுவும் கச்சான் காற்று அனல் மாதிரி வீசுகிற மாதங்களில், பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வந்து, அலுவலக மேசைக்குக் கீழே அரைநாள் கிடந்த பிறகும் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்றால் கொஞ்சம் வேறு ஒழுங்கு வேண்டும். எனக்கும், சீனி வருத்தம் உள்ள என் வீட்டுக்காரருக்கும் கட்டுகிற பெட்டியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சலட் என்றதும் சலாது இலையும் மயோனைஸ் போத்தலும் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். வல்லாரைச் சம்பலும் கரட் சம்பலும் செய்யத் தெரிந்தவருக்கு முக்கால்வாசி வேலை ஏற்கெனவே தெரியும். புளிப்பு, உறைப்பு, உப்பு, தேங்காயின் கொழுப்பு எல்லாம் அதில் அளவாக இருக்கின்றன. இல்லாதது வயிற்றை நிரப்புகிற பொருள் மட்டும்தான். சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிறதற்கு அது தேவைப்படவில்லை. அதே சம்பலோடு ஒரு கோப்பை அவித்த கொண்டைக்கடலையோ பயறோ கௌப்பியோ சேர்த்துப் பாருங்கள். அதுவே மத்தியானச் சாப்பாடு.

இனி ஒழுங்கைச் சொல்கிறேன். உப்பும் புளியும் சாப்பிடுகிற நேரம் வரை மரக்கறியில் படக்கூடாது. உப்புப் பட்டால் கெக்கரிக்காயும் தக்காளியும் தண்ணீர் விட்டு, பெட்டிக்குள் குளம் கட்டும். தேசிப்புளி பட்டால் கீரையின் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். அதனால் சாறு தனியாக, ஒரு சின்ன ஜாம் போத்தலில் போக வேண்டும். பெட்டியின் அடியில் கடலை வகை, அதற்கு மேல் கரட், கோவா, போஞ்சி மாதிரித் திடமானவை, மேலே கீரை. வறுத்த கச்சானோ (நிலக்கடலை), பொரித்த நெத்தலியோ இருந்தால் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தில் வேறாக. சாப்பிடும்போது போத்தலைக் குலுக்கி ஊற்றி, பெட்டியை மூடி ஒரு தரம் ஆட்டினால் சரி.

சின்ன வெங்காயத்தை மட்டும் நான் சாற்றுப் போத்தலுக்குள்ளேயே போடுவேன். நிலாவெளிப் பக்கத்து வெங்காயம் நல்ல காரம். மெல்லியதாக வெட்டிப் புளியில் ஊறவிட்டால் அந்தக் காரம் அடங்கி, நிறமும் ரோசாவாக வரும். அலுவலகத்தில் வாய் நாறாமல் இருக்கவும் அது உதவுகிறது.

கடலை வகைகளை ஞாயிற்றுக்கிழமை அவித்து வைத்துவிடுங்கள். சனி இரவு 250 கிராம் கடலையைக் கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் இரண்டு மடங்காகியிருக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில், குக்கரில் நாலைந்து விசில். விரலால் நசுக்கினால் நசிய வேண்டும், ஆனால் தோல் கழன்று குழையக்கூடாது. நன்றாக வடித்து, ஆறவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்குத் தேவையானதைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டிலும் மிச்சத்தை ஐஸ் பெட்டியிலும் வைத்தால் வாரம் முழுவதும் காலை வேலை வெட்டுவது மட்டும்தான். ஈரத்தோடு வைத்தால் கடலை வழுவழுத்துப் போகும், அதில் மட்டும் கவனம்.

பயறு அவிக்கத் தேவையில்லை, முளைக்கவிடலாம். எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் எங்கள் வெப்பத்துக்கு மறுநாளே முளை எட்டிப் பார்க்கும். முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் சத்து என்று பலர் சொல்வார்கள். நான் அதற்கு உடன்பாடில்லை. முளை வருகிற அதே சூடும் ஈரமும் கிருமி பெருகவும் ஏற்றவை. ஐந்து நிமிடம் நீராவியில் வைத்தெடுங்கள். மொறுமொறுப்புப் போகாது, பயமும் இல்லை.

கீரைக்கு வருவோம். சந்தையில் வல்லாரைக் கட்டு வாங்கினால் வேரோடு சேறும் வரும். வேரை வெட்டி எறிந்துவிட்டு, அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சரித்து ஊற்றினால் அடியில் கிடக்கிற மண் திரும்பவும் இலையில் ஏறும். தண்ணீர் தெளியும் வரை இதைச் செய்து, கடைசியில் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டி, பழைய பருத்திச் சேலைத் துண்டில் பரப்பி மேலே இன்னொரு துண்டால் ஒற்றுங்கள். முதல்நாள் இரவே இதை முடித்து, துணியோடு சுருட்டிப் பிரிட்ஜில் வைத்தால் காலையில் இலை விறைப்பாக இருக்கும். அரிகிற வேலையைக் காலையில்தான் செய்ய வேண்டும். இரவே அரிந்தால் வெட்டுவாய் கறுத்துவிடும்.

கங்குனை நான் பச்சையாகச் சலட்டில் போடுவதே இல்லை. குளத்திலும் வாய்க்காலிலும் வளர்கிற கீரை அது. அந்தத் தண்ணீரில் இருக்கிற ஒட்டுண்ணிகள் தண்டில் ஒட்டிக்கொண்டு வரும், கழுவினால் போகும் என்ற நிச்சயம் கிடையாது. பொன்னாங்காணி, முருங்கையிலை, கங்குன் மூன்றையும் தாச்சியில் வறையாகச் சுண்டி, ஆறவைத்துப் பெட்டியில் சேர்க்கிறேன். முருங்கையிலை வறையோடு கௌப்பியும் தேசிப்புளியும் சேர்வது என் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒன்று. பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும், அதனால் தேசிக்காய் அதில் ருசிக்கு மட்டும் இல்லை. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை.

தேங்காய்ப்பூ இல்லாமல் சம்பல் ஏது? ஆனால் துருவிய பச்சைத் தேங்காய் இந்த வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். எண்ணெய் விடாமல் தாச்சியில் போட்டு, ஈரம் போய் வாசம் வருகிற வரை மெல்லிய நெருப்பில் வறுத்து ஆறவிடுங்கள். பொன்னிறமாக வேண்டியதில்லை. கரட்டோடு இது சேர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரட்டில் இருக்கிற, வைட்டமின் ஏ ஆக மாறுகிற சத்து கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வெறும் கரட் துருவலைக் கொறிப்பவர்கள் கொஞ்சம் தேங்காயோ நல்லெண்ணெயோ சேர்த்துக்கொள்ளலாம்.

சாறு என்னிடம் மூன்று வகை உண்டு. அன்றாடம் செய்வது: ஒரு பெரிய தேசிக்காயின் புளி, 2 தேக்கரண்டி நல்லெண்ணெய், தட்டிய உள்ளி ஒரு பல், இடித்த மிளகு, உப்பு, வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய். இது எதற்கும் பொருந்தும். இரண்டாவது பழப்புளிச் சாறு. தேசிக்காய் அளவு பழப்புளியை அரைக் கோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து வடித்து, இடித்த செத்தல் மிளகாய், உப்பு, நகத்தளவு பனங்கட்டி போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். பிரிட்ஜில் ஒரு வாரம் கெடாது. கடலைக்கும் அவித்த வற்றாளைக் கிழங்குக்கும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. சீனிக்காரருக்குப் பனங்கட்டி வேண்டாம். மூன்றாவது, வறுத்த எள்ளையும் ஒரு செத்தல் மிளகாயையும் இடித்துத் தேசிப்புளியில் குழைத்தது. கோவாவுக்கு மட்டும். மயோனைஸ் என் பெட்டிக்குள் வருவதில்லை, வெயிலில் அதை நம்ப முடியாது, ருசியும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும்.

சேர்மானங்கள் சில. துருவிய கரட், கடலை, வறுத்த தேங்காய்ப்பூ, தேசிச்சாறு. கோவாவை நூல் மாதிரி அரிந்து, அன்னாசித் துண்டு, கறிமிளகாய், கச்சான், எள்ளுச்சாறு. விதை நீக்கிய கெக்கரிக்காய், தக்காளி, முளைப்பயறு, நிறைய வெங்காயம். கெக்கரியைக் காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டிக் கடித்துப் பாருங்கள், கசந்தால் அந்த நுனியை மட்டும் வீசினால் பெரும்பாலும் போதும். மாங்காய்க் காலத்தில் புளிமாங்காயைத் துருவிப் போட்டால் தேசிக்காய் தேவையே இல்லை. பழுக்காத பப்பாளியைத் தோல் சீவித் துருவி, கச்சானும் பச்சை மிளகாயும் சேர்த்தாலும் அருமை, ஆனால் கர்ப்பிணிகள் பப்பாளிக்காயைத் தவிர்க்க வேண்டும்.

பாகற்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் முகம் சுளிக்கிறவர்களையும் மாற்றுகிற சலட் அது. மெல்லிய வட்டமாக வெட்டி, மஞ்சளும் உப்பும் பிரட்டிக் கால் மணித்தியாலம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். ஆழ்ந்த எண்ணெயில் பொரிப்பதுதான் வழக்கம். நான் தாச்சியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் விட்டு, பரப்பி, பொறுமையாகத் திருப்பித் திருப்பி மொறுக வைக்கிறேன். முழுக்க ஆறிய பிறகு பொட்டலத்தில் கட்ட வேண்டும், சூட்டோடு கட்டினால் நமுத்துப் போகும். தக்காளி, வெங்காயம், கௌப்பி பெட்டியில் இருக்கட்டும். சாப்பிடுகிற நேரத்தில் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது பாகல் பாதி மொறுமொறுப்பாகவும் பாதி புளியில் ஊறியும் இருக்கும்.

கரட், லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் மலைநாட்டிலிருந்து லொறியில் வருபவை. அங்கே மழை அடித்தால் இங்கே விலை ஏறும். அந்த வாரங்களில் கெக்கரி, பப்பாளிக்காய், வாழைப்பூ, ஊர்க்கீரை என்று மாறிவிடுவதில் நட்டம் எதுவும் இல்லை.

மீன் போடலாமா என்றால், போடலாம், ஐஸ் இருந்தால். சூரையைக் கொறுக்காய்ப்புளி, மிளகு, உப்போடு அவித்து உதிர்த்தால் சலட்டுக்கு அப்படிப் பொருந்தும். ஆனால் சூரை மாதிரி மீன்கள் பிடித்த நேரத்திலிருந்து குளிரில் இல்லாவிட்டால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். ஐஸில் வைத்திருக்கிறவரிடம் வாங்கி, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து சமைத்துவிடுங்கள். பெட்டிக்கு எனக்கு வசதியானது நெத்தலிக் கருவாடு. சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் உப்புக் குறையும். பிறகு மொறுகப் பொரித்தெடுக்கலாம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான், அன்றைக்குக் கச்சான் அந்த இடத்தை நிரப்பும்.

அவித்த எதையும் வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அலுவலகத்தில் பிரிட்ஜ் இருந்தால் கவலை இல்லை. இல்லாதவர்கள் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை இரவே உறைய வைத்து, பெட்டியோடு ஒட்டி ஒரு தடித்த துணிப்பைக்குள் வையுங்கள். கடலையும் பிரிட்ஜிலிருந்து நேரே பெட்டிக்குள் போகட்டும். மத்தியானம் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் ஆயிற்று. கச்சான் காற்று வீசுகிற நாளில் ஒரு போத்தல் போதாது, மேலும் கீழும் ஒவ்வொன்று வேண்டும்.

கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியோடு வாங்கினால் அதை வீட்டில் இருக்கிற நாளுக்கு, அதாவது ஞாயிறுக்கோ போயாவுக்கோ வைத்துக்கொள்வேன். பீட்ரூட்டைத் தோலோடு முழுசாக அவித்து, பிறகு உரித்துத் துருவி, கட்டித்தயிரில் கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் போதும். தோல் சீவி அவித்தால் நிறமும் சத்தும் தண்ணீரோடு போய்விடும்.

"அக்கா, இது ஆட்டுக்குப் போடுறதெல்லோ?" என்று ஒரு தம்பி எங்கள் அலுவலகத்தில் கேட்பார். சோறு இல்லாமல் சாப்பாடே இல்லை என்று நினைக்கிறவர்கள் 4 மேசைக்கரண்டி ஆறிய சிவப்பரிசிச் சோற்றைக் கடலையோடு அடியில் பரப்பிக்கொள்ளலாம். கிழங்குகளைச் சேர்க்காமல், மரக்கறியும் பழமுமாக ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்தப் பெட்டி ஒன்றிலேயே அதில் பாதி வந்துவிடும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறார்கள். மாசிக் கருவாடோ வேறு கருவாடோ போடுகிற நாளில் சாற்றுக்கு உப்பே போட வேண்டாம்.

சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் ஒரேயடியாகச் சோற்றை நிறுத்திவிட்டு இதற்கு மாற வேண்டாம். குளிசையோ இன்சுலினோ பழைய அளவில் போக, சாப்பாடு குறைந்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லி, சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடலையைக் கூட்டுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

சாறு ஊற்றிய சலட் மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவந்து இரவுக்கு வைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். ஊற்றாமல் குளிரில் இருந்த கரட்டும் கோவாவும் மிஞ்சினால் அன்றிரவே தாச்சியில் வறையாகச் சுண்டிவிடலாம்.