இரு மடங்கு தள்ளினால் ஏன் கால்வாசி வெளிச்சம்?

ஒரு கரண்டி மாவை ஒரு சாண் அகலத்துக்கு வார்க்கிறோம். அதே மாவை இரண்டு சாணுக்கு இழுத்தால் தோசையின் கனம் கால்வாசியாகிவிடும். பரப்பு நான்கு மடங்காவதால். விளக்கிலிருந்து தள்ளிப்போகும் வெளிச்சமும் இப்படித்தான் பரவி மெலிகிறது: தொலைவு இரு மடங்கானால் கால்வாசி, மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. எதிர்த்தகவு இருமடி விதி இவ்வளவுதான். சூத்திரம் எழுதும் முன் மாணவர்களை இதைக் கண்ணால் பார்க்க வைத்துவிடுங்கள்.

தடித்த அட்டையில் 2 செ.மீ. சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். இருட்டறையில் போனின் ஃபிளாஷ் விளக்குக்கு நேர் எதிரே 10 செ.மீ. தள்ளி அதை நிறுத்துங்கள். விளக்கிலிருந்து 20 செ.மீ.யில் வரைபடத்தாளைப் பிடித்தால் வெளிச்சச் சதுரத்தின் பக்கம் 4 செ.மீ.; 30-இல் 6; 40-இல் 8. ஓட்டைக்குள் நுழைந்த அதே வெளிச்சம் 4, 9, 16 மடங்கு இடத்தில் பரவியிருக்கிறது. ஓரம் மங்கலாகத்தான் விழும். விளக்கு 3 மி.மீ. அகலம் என்றால் 30 செ.மீ.யில் மங்கல் பட்டை 6 மி.மீ. வரும், அதன் நடுவில் கோடு போட்டு அளங்கள். டார்ச் வேண்டாம், அதன் குழியாடி ஒளியைக் குவித்து அனுப்பிக் கணக்கைக் குலைத்துவிடும்.

அடுத்து எண்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு, லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) காட்டும் செயலி உள்ள ஆண்ட்ராய்டு போன், டேப் போதும். ஒளி உணரி பெரும்பாலும் திரைக்கு மேலே, காதில் வைக்கும் பக்கம் இருக்கும். விரலால் மறைத்துப் பார்த்தால் எண் சரியும் இடம் தெரிந்துவிடும். பல்பிலிருந்து 50, 100, 200 செ.மீ.யில் அளவெடுங்கள். போனைச் சாய்க்காதீர்கள், 60 பாகை சாய்ந்தால் பாதிதான் காட்டும்.

பலரும் சறுக்குவது பின்னணி வெளிச்சத்தில். பல்பை அணைத்து அறையை அளந்து கழித்தால் போதாது. வெள்ளைச் சுவரும் பளபளக்கும் தரையும், ஏன், அளப்பவரின் வெள்ளைச் சட்டையும்கூட, பல்பு எரியும்போதுதானே ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன? பல்பை எரியவிட்டே, உள்ளங்கை அளவு அட்டையின் நிழல் உணரிமேல் விழும்படி நடுவில் பிடித்து, ஒவ்வொரு தொலைவிலும் அந்த எண்ணைக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக 406, 106, 31 என்று வந்து, நிழலில் மூன்று இடத்திலும் 6 என்றால் மிஞ்சுவது 400, 100, 25. மீட்டரில் தொலைவின் இருமடியால் பெருக்கினால் மூன்றுமே 100. கழிக்காமல் விட்டால் 31 என்பது 406-இல் பதினாறில் ஒரு பங்காக இராது, பதின்மூன்றில் ஒரு பங்காக நிற்கும். விதியே தப்பு என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார்.

மிக அருகிலும் போகாதீர்கள். விளக்கின் அகலத்தைப்போல் ஐந்து மடங்காவது தள்ளி நின்றால் பிழை ஏறக்குறைய 1 சதவீதத்துக்குள் அடங்கும். 6 செ.மீ. பல்புக்கு 30 செ.மீ. போதும். நான்கடி டியூப் லைட்டுக்கோ 6 மீட்டர் வேண்டும். அதை 10 செ.மீ.யிலிருந்து 20-க்குத் தள்ளிப் பாருங்கள், வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான் ஆகும்: அங்கே தோசை ஒரு பக்கமாக மட்டுமே இழுபடுகிறது.